டிங் சொல்லாத மூடி

தம்பி வீட்டுக் கதவைத் தட்டும்போது டெல்ஃபியா ஸ்லோனுக்குப் பல் பிடுங்கிக்கொள்ளப் போவது போல இருந்தது. பல்லாக இருந்தால்கூடத் தேவலை, ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்கள். இது நடீனிடம் போய் மூடி கேட்கிற காரியம். அதற்கு ஊசி கிடையாது.

நடீன், தம்பி எஸ்டிலின் பெண்டாட்டி. கதவைத் திறந்தவள் நாத்தனாரை உச்சி முதல் செருப்பு வரை பார்த்தாள்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. உள்ள வரலாமா?"

"இல்ல, நீங்க முன்வாசல் வழியா வந்து நான் பார்த்ததே இல்ல அண்ணி. பின்பக்கமா வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து 'இது என்ன நாத்தம்'னு கேக்குறதுதானே வழக்கம்."

டெல்ஃபியா உள்ளே நுழைந்தாள். நடீனின் வாய் நன்றாகத் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். எஸ்டில் ஒரு மூலையில் சோளரொட்டியை மோரில் பிசைந்து தின்றுகொண்டிருந்தான்.

"பீன்ஸ் காய்ச்சிடுச்சு. ஜாடியில அடைக்கக் கடையில மூடி இல்ல. இந்த வருஷம் உன்னோட அந்த வெள்ளை மூடி கொஞ்சம் குடு."

எஸ்டிலின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"எந்த வெள்ளை மூடி?" என்றாள் நடீன். தெரியாதது போல ஒரு முகம். அந்த முகத்தை வைத்துக்கொள்ள முப்பது வருஷம் காத்திருந்தவள் அவள்.

"அதான். கழுவிக் கழுவிப் போடுவியே."

"ஓ, சோப்பு டப்பாவா? நாய்த்தட்டா? போன கிறிஸ்துமஸ்ல என்னவோ சொன்னீங்களே, மறந்துபோச்சு..."

"கழிப்பறை மூடி," என்று எஸ்டில் எடுத்துக் கொடுத்தான். பிறகு இரண்டு பெண்களும் பார்த்த பார்வையில் மோருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

கென்டக்கி மலைப்பக்கம் சாதிச் சண்டை கிடையாது, மூடிச் சண்டை உண்டு. டெல்ஃபியா தகர மூடிக் கட்சி. ஜாடியில் பீன்ஸும் உப்பும் வெந்நீரும் நிரப்பி, தகர மூடியை வைத்து, மேலே திருகு வளையத்தை லேசாகத் திருகி, பானை மாதிரிப் பெரிய பிரஷர் குக்கரில் வேகவிட வேண்டும். எடுத்து வெளியே வைத்தால், ஆற ஆற மூடியின் வயிறு உள்ளே இழுபடும். அப்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். டிங் வந்தால் அந்த ஜாடி குளிர்காலம் தாண்டும். வராவிட்டால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியதுதான். ஒரே குறை, தகர மூடியை ஒரு தரம்தான் போடலாம். திறந்ததும் குப்பைக்குப் போகும்.

நடீனுடையது வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை, அதற்கு அடியில் ஒரு ரப்பர் வளையம், மேலே அதே திருகு வளையம். பேரன் காலம் வரை வைத்துப் போடலாம் என்பாள். ஆனால் அது டிங் சொல்லாது. மூடிக்கொண்டாலும் சொல்லாது, மூடிக்கொள்ளாவிட்டாலும் சொல்லாது. மறுநாள் வளையத்தைக் கழற்றி, மூடியை விரலால் பிடித்து ஜாடியைத் தூக்கினால்தான் விஷயம் தெரியும்.

"வாயில்லாத மூடியை எவ நம்புவா?" என்று முப்பது வருஷமாகக் கேட்டவள் டெல்ஃபியா. இப்போது அவளுக்கு வேண்டியது அந்த வாயில்லாத மூடிதான்.

ஏனென்றால் அவளுக்குக் காது போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. லாரி ஹாரன் கேட்கும். பாதிரியார் கத்தினால் கேட்கும், அதனால் ஒரு லாபமும் இல்லை. மெல்லிய சத்தங்கள்தான் போயின. முதலில் தவளைகள் போயின, பிறகு அடுப்பு மணி, பிறகு முதுகுக்குப் பின்னால் பேசுகிற எல்லோரும்.

வேறு யாருக்காவது போயிருந்தால் பரவாயில்லை. மட்லிக் ஓடைப் பக்கம் டெல்ஃபியாவின் காது என்றால் அது ஒரு பொதுச்சொத்து. வாலிப வயதில் அவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது. புருஷன் வெர்ஜில் வேலை தேடி ஒஹையோ போனான். வேலை கிடைத்ததா தெரியாது, வேறொருத்தி கிடைத்தாள். அவன் விட்டுவிட்டுப் போன ஓட்டை ட்ரக்கை ஓட்ட வைக்கப்போய்த்தான் டெல்ஃபியாவுக்கு எஞ்சினின் இருமல் எது, தும்மல் எது என்று பிடிபட்டது. "வெர்ஜில் செஞ்ச ஒரே நல்ல காரியம் என்னை விட்டுட்டுப் போனதுதான்," என்பாள். அதற்குப் பிறகு ஊரில் எவர் வீட்டு வாஷிங் மெஷின் முனகினாலும் டெல்ஃபியாவுக்கு போன் போட்டு, போனை மெஷினிடம் கொடுத்துவிடுவார்கள். இவள் கேட்டுவிட்டு, "பெல்ட்டு," என்று சொல்லி வைத்துவிடுவாள்.

ட்ரக்கிலிருந்து பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போனாள். ஓடைப் பாதையில் பனியிலும் சேற்றிலும் பஸ் ஓட்டி, மூன்று மானையும் ஒரு தபால்பெட்டியையும் தவிர யாருக்கும் சேதமில்லாமல் ஐம்பத்தொன்பது வயதுக்கு வந்துவிட்டாள். பஸ்தான் அவளுக்கு வீடு. வீடு என்று இருப்பது பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தூங்குகிற இடம். பஸ் ஓட்டுகிறவர்களை டாக்டர் பின்னால் நின்றுகொண்டு கிசுகிசுத்துச் சோதிப்பார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டெல்ஃபியாவின் முறை இந்த ஆகஸ்டில் வருகிறது. அவளால் ஓட்ட முடியாத நாட்களில் மாற்று டிரைவராக வந்து அந்த பஸ்ஸை ஓட்டுகிறவள் யார் என்று பார்த்தால், நடீன்.

ஆகையால் நடீனுக்குத் தெரியக் கூடாது. நடீனுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். அப்புறம் சாவியை நடீன் விரலில் மாட்டிச் சுற்றுவாள்.

சென்ற கோடையில் ஆபத்து கிட்டத்தில் வந்துபோனது. அந்த மலைப்பக்கத்தில் ஜாடிகளை வெளியே எடுத்து வைத்ததும் வீட்டில் யாரும் பேசக் கூடாது. குழந்தைகளை வெளியே துரத்திவிட்டு, மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிங்குக்குக் காத்திருப்பார்கள். பாதிரியார் வந்திருந்தால் அவரும் வாயை மூட வேண்டும். வருஷத்தில் அவர் வாயை மூடுவது அந்த ஒரு நாள்தான். டெல்ஃபியா கண்ணை மூடி நின்று, "அந்த ஓரத்து ஜாடி... இப்ப நடுவுல இருக்குறது..." என்று சொல்லச் சொல்ல எல்லோரும் தலையாட்டுவார்கள். சென்ற வருஷம் அவள் கண்ணை முழுக்க மூடவில்லை. எஸ்டிலின் கிழட்டு நாய் டீக்கன் அடுப்பங்கரைத் தரையில் படுத்திருந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் அதன் இடது காது துள்ளும், மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். டெல்ஃபியா நாயைப் பார்த்து ஜாடியைச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பனிக்காலத்தில் டீக்கன் செத்துப்போனது. டெல்ஃபியா குழியருகே நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"உனக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காதேக்கா," என்றான் எஸ்டில், மனம் நெகிழ்ந்து.

"எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள் டெல்ஃபியா. அது முழுப் பொய்யும் இல்லை.

*

பீன்ஸ் நாளன்று டெல்ஃபியா வீட்டு அடுப்பங்கரை ஆவியில் மிதந்தது. எஸ்டில் நார் உரித்து ஒடித்துப் போட, நடீன் வில்லைகளை வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுக்க, டெல்ஃபியா ஜாடிகளை மூடினாள். நடீன் அன்று தேனாக இருந்தாள். அதுவே பயமாக இருந்தது.

"பார்த்தீங்களா அண்ணி, எவ்வளவு லேசா இருக்கு!"

"சோப்பு டப்பா லேசாத்தான் இருக்கும்."

குக்கர் அடங்கியது. டெல்ஃபியா அதன் மூடியைத் திறந்து, இடுக்கியால் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேஜைமேல் விரித்த துண்டில் வைத்தாள். தகர மூடிக்காரர்களின் முதல் சட்டம் இங்கேதான் வருகிறது. எடுத்து வைத்த ஜாடியின் வளையத்தைத் தொடவே கூடாது. தொட்டால் இறுக்கம் கெடும். இந்தச் சட்டம் டெல்ஃபியாவின் விரல்களுக்கு அவள் பெயரைவிட நன்றாகத் தெரியும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பூசைக்கு நிற்கிறவள் போல நின்றாள்.

அடுப்புக் கதவின் கறுப்புக் கண்ணாடியில் நடீனின் உருவம் தெரிந்தது. அதன் வாய் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது, இந்தத் தடவை பெரிதாக. கையும் சேர்ந்து எதையோ திருகியது.

டெல்ஃபியா சட்டென்று திரும்பினாள்.

நடீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கோட்டுப் பைக்குள் கை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டால் ஒரு முகம் வருமே, அந்த முகம். பிறகு பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து, வாயை மறைத்தபடி முகம் துடைத்தாள். துணிக்குள் ஏதோ சொன்னாள் என்பது, எஸ்டில் குடித்த காப்பியை பீன்ஸ் கூடைமேல் துப்பியதில் தெரிந்தது.

"என்னடா?" என்றாள் டெல்ஃபியா.

"ஒண்ணுமில்லக்கா. புரையேறிடுச்சு."

"நல்லா இருக்கு அண்ணி," என்றாள் நடீன், துணியை இறக்கி, ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து. "ரொம்ப நல்லா வந்திருக்கு."

மறுநாள் காலை நடீன் பின்வாசல் வழியாக வந்தாள். மேஜையில் இருந்த ஒரு ஜாடியின் வளையத்தைக் கழற்றினாள். வெள்ளை வில்லையைப் பிடித்துத் தூக்கினாள். வில்லை வந்தது, ஜாடி வரவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"இந்த மூடியை எடுத்த உடனே சூட்டோட இறுக்கணும்," என்றாள். "உங்க தகரத்துக்கு நேரெதிர். உங்க முதுகுக்குப் பின்னால நின்னு கத்தாத குறையா சொன்னேன். தொண்டை வலிச்சிருச்சு."

டெல்ஃபியா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா கேக்கல?" என்றாள் நடீன்.

"போன வருஷத்துக்கு முந்தின குளிர்லேர்ந்து."

"பீன்ஸ் நாள்ல டிங்கெல்லாம் சொன்னீங்களே?"

"டீக்கன் சொன்னான்."

நடீன் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது அவள் கண் ஈரமாக இருந்தது, அது சிரிப்பினால்தானா என்று டெல்ஃபியாவுக்குத் தெரியவில்லை.

"நேத்து துணிக்குள்ள என்ன சொன்ன?"

"உங்க மேக்கரோனி சாலட்டைக் டீக்கன் குட்டியா வந்த நாள்லேர்ந்து அவனுக்குத்தான் போட்டேன்னு சொன்னேன்."

"அதான் அவன் அவ்வளவு குண்டா?"

"அதான்."

பிறகு டெல்ஃபியா கேட்டாள், "பள்ளிக்கூடத்துல சொல்லப் போறியா?"

"சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு." நடீன் வில்லையை மேஜைமேல் வைத்து விரலால் சுழற்றினாள். "ஞாயித்துக்கிழமை சர்ச் விருந்துல எழுந்து நின்னு, நடீனோட மூடிதான் ஒசத்தி, நான்தான் இவ்வளவு காலம் வாய்க்கொழுப்புல பேசினேன்னு எல்லாருக்கும் கேக்குறாப்ல சொல்லணும். அவ்வளவுதான். பஸ் உங்களுது."

"நீ என்ன பைத்தியமா?"

"முப்பது வருஷத்துல நான் செஞ்ச ஒரு பொருளை நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு? கல்யாண கேக்கைக்கூட 'நனைஞ்ச பஞ்சு'ன்னீங்க. என் கல்யாண கேக்கு அண்ணி அது." நடீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்காமலே ஃப்ரிட்ஜைத் திறந்து, "இது என்ன நாத்தம்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

டெல்ஃபியா அந்த வாரம் முழுக்க மாட்டுக்கொட்டகைச் சுவரிடம் ஒத்திகை பார்த்தாள். "நடீனோட மூடி..." அதற்கு மேல் வரவில்லை. நாக்கு கல்லாகிவிடும். ஒரு நாள், "நடீனோட மூடி ஒ... ஒ..." வரைக்கும் போய் இருமல் வந்து நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை ட்ரக்குக்கு பிரேக் சாமான் வாங்கப் போவதாக எஸ்டிலிடம் சொல்லிவிட்டு டவுனுக்குப் போய், காது மெஷின் விற்கிற கடைக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

"என் சிநேகிதி ஒருத்தி," என்றாள் அங்கிருந்த பெண்ணிடம். "பள்ளிக்கூட பஸ் ஓட்டுறா. காது மெஷின் மாட்டிக்கிட்டா ஓட்ட விடுவாங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

"விடுவாங்க. மெஷினோட டாக்டர் சோதிப்பார். பாஸானா ஓட்டலாம்."

"பாஸாகலைன்னா?"

"அது அவங்க காதைப் பொறுத்தது. உங்க சிநேகிதிக்கு எந்தக் காது மோசம்?"

"இடது," என்று சொல்லி டெல்ஃபியா தொப்பியைக் கழற்றினாள்.

மெஷின் ஒரு பீன்ஸ் விதை அளவுதான் இருந்தது, ஆனால் அதை மாட்டியதும் உலகம் காட்டுக் கூச்சலாகப் போய்விட்டது. தன் ஜீன்ஸ் உரசுகிற சத்தம் கேட்டு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். ட்ரக்கைக் கிளப்பி முதல் வளைவில் பிரேக்கை மிதித்ததும் ஒரு கிறீச்சல் கேட்டது. நிஜமாகவே பிரேக் தேய்ந்துபோயிருந்தது. கடையில் நின்று சாமான் வாங்கிக்கொண்டுதான் வீடு போனாள். சொன்ன பொய்யும் உண்மையானதில் கொஞ்சம் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெளியே மரத்தடியில் நீள மேஜைகள் போட்டு விருந்து. வெளியூர் போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். பொரித்த கோழி, பன்றித்தொடை போட்ட பீன்ஸ், ஏழெட்டு வகைப் பழ 'பை' பலகாரம். டெல்ஃபியாவின் மேக்கரோனி சாலட்டும் இருந்தது, யாரும் தொடாமல். நடீன் புது ஆடை போட்டு, தலையைச் சுருட்டிக்கொண்டு, பட்டம் வாங்கப் போகிறவள் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

டெல்ஃபியா எழுந்து நின்று கரண்டியால் டம்ளரைத் தட்டினாள். அந்தச் சத்தம் மண்டைக்குள் பாய்ந்ததில் அவளே ஒரு குதி குதித்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"எனக்குக் காது கேக்கல," என்றாள். "ஒன்றரை வருஷமா. இது மெஷின். வியாழக்கிழமை டாக்டர் சோதிப்பார். பாஸாகலைன்னா பஸ்ஸை நடீன் ஓட்டுவா. போன வருஷம் டிங் சொன்னது நான் இல்ல, எஸ்டிலோட நாய். அவ்வளவுதான்."

கடைசி மேஜையில் ஒரு கிழவர் பக்கத்து ஆளை இடித்து, "என்னவாம் அவளுக்கு?" என்றார்.

"காது கேக்கலையாம்!"

"என்னது?"

"காது! கேக்கலையாம்!"

"சத்தமாத்தான் சொல்லித்தொலையேன்!"

மரத்தடியே சிரித்தது. அந்த இரைச்சலில் நடீன் எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மூடியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லலை. சொல்லவும் மாட்டேன்."

"அதுக்குப் பதிலா ஊரறியச் செவிடின்னு சொல்லிக்குவீங்களா? பஸ் போனாலும் பரவாயில்லையா?"

"போனா போகட்டும். சோப்பு டப்பாவை ஜாடி மூடின்னு சொல்லிட்டு நான் எந்த முகத்தோட சொர்க்கத்துக்குப் போவேன்?"

நடீன் மேஜையோரம் சரிந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மை கரைந்து கன்னத்தில் ஓடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"உங்க பஸ் யாருக்கு வேணும் அண்ணி," என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே. "நீங்க பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்தப்ப ஓட்டினேனே. ஒரு பையன் என் கோட்டுத் தொப்பிக்குள்ள வாந்தி எடுத்தான். வீட்டுக்கு வந்து தலையில போட்டப்புறம்தான் தெரிஞ்சது."

"எனக்குச் சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். உங்க முதுகைப் பார்த்துச் சொன்னேன் போல."

திங்கட்கிழமை நடீன் சர்க்கரை தேடுகிற சாக்கில் டெல்ஃபியாவின் அலமாரியைத் திறந்தாள். முன்வரிசையில் சென்ற வருஷத்துத் தகர மூடி ஜாடிகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், சுவரோரம், கோணியால் மூடி இந்த வருஷத்து இரண்டாம் பறிப்பு பீன்ஸ். அத்தனையும் வெள்ளை மூடி. ஒன்றைப் பிடித்துத் தூக்கினாள், ஜாடி கூடவே வந்தது. சூட்டோடு, துண்டைச் சுற்றிப் பிடித்து, நன்றாக இறுக்கியிருந்தாள் கிராதகி. நடீன் வெள்ளை மூடிகளை முன்னால் வைத்து, தகரத்தைப் பின்னால் தள்ளி, கதவைச் சாத்தினாள். சர்க்கரையை எடுக்க மறந்துவிட்டாள்.

மறுநாள் எல்லாம் மறுபடி இடம் மாறியிருந்தன. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

வியாழக்கிழமை டாக்டர் பின்னால் போய் நின்று கிசுகிசுத்தார். டெல்ஃபியா அதைத் திருப்பிச் சொன்னதோடு, "காலையில வெங்காயம் சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பள்ளி திறந்த அன்று அவள் மஞ்சள் பஸ்ஸை ஓடைப் பாதையில் இறக்கினாள். சென்ற வருஷம் முழுக்கப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளாக அடங்கி வந்தது அவளுக்குப் பெருமை. கண்டிப்பால் அடங்கிவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருந்தாள். இரண்டாவது வளைவு தாண்டியதும் பின்வரிசையிலிருந்து பாட்டு கிளம்பியது. தாளம் தப்பாமல், முழு பஸ்ஸும், மெஷின் சேதியைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு வருஷப் பழக்கத்தோடு பாடியது.

"டெல்ஃபி வண்டி ஏறுடா,
பல்லு ரெண்டு போகும்டா,
கூவு கூவு பயப்படாதே,
டெல்ஃபி காது கேக்காதே!"

கண்ணாடியில் பார்த்தாள். பால்பல் விழுந்த வாய்கள், மீசை முளைக்கிற வாய்கள், எல்லாம் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஒருத்தன், ஒருத்தி, வீட்டில் போய் மூச்சு விடவில்லை.

டெல்ஃபியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தொப்பியை இழுத்து, மெஷின் தெரியாதபடி காதுவரை விட்டாள். முன்னால், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஊரிலேயே பெரிய பள்ளம் மழைத்தண்ணீரோடு கிடந்தது. வழக்கமாக அதை விலக்கித்தான் ஓட்டுவாள். இன்று ஸ்டியரிங்கை ஒரு சுண்டு சுண்டி, பின்சக்கரத்தைச் சரியாக அதன் நடுவில் இறக்கினாள். பின்வரிசை மொத்தமும் கூரைவரை எழும்பி விழுந்தது. பாட்டு அறுந்து, காது கிழிகிற மாதிரி ஒரே கும்மாளம்.

"இன்னொரு தடவை, டெல்ஃபி!" என்று ஒரு பொடிசு கத்தியது.

அவளுக்குக் கேட்கவில்லையாம். கேட்காத முகத்தோடு கியரை மாற்றினாள்.